பாட்டை முழுசாகக் கேளுங்கள்

மயிலாப்பூர்க் குடியிருப்பு ஒன்றில் மாலை வகுப்பு எடுக்கிறேன். இடஒதுக்கீட்டை விளக்க, தி காஸ்ட்லெஸ் கலெக்டிவின் கோட்டா பாட்டை ஒருநாள் போட்டேன். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தேன். ஒரு மாணவி சொன்னாள்: “அக்கா, பாட்டை முழுசா போடுங்க.”

அவள் கண்டித்தது சரிதான். நாம் அந்தப் பாடல்களைத் துண்டறிக்கையாகவே பயன்படுத்துகிறோம்.

பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியில்லாத தமிழர்’ என்ற கருத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் முதன்முதலாக மேடையேறினார்கள். பிறகு வந்தது ‘மகிழ்ச்சி’ ஆல்பம்.

சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாப் பாடகர் கூட்டத்தைப் பார்த்துப் பாட்டை நீட்டுவார், குறைப்பார். ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்படி முடியாது. கிட்டார் எங்கே நுழைய வேண்டும், டிரம்ஸும் பறையும் ஒன்றையொன்று விழுங்காமல் எப்படி நிற்க வேண்டும், குரல் எவ்வளவு மேலே கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்தாக வேண்டும். அது உழைப்பு, தேர்ச்சி. சபாவில் ஒருவர் பாடினால் ராகத்தையும் தாளத்தையும் பற்றி எழுதுகிறார்கள். நம்மவர் பாடினால் ‘கோபம்’, ‘எதிர்ப்பு’ என்பதோடு விமர்சனம் முடிந்துவிடுகிறது. ஆல்பத்தின் பெயரே ‘மகிழ்ச்சி’ என்பது யார் காதிலும் விழவில்லை!

ஆண்களின் களமாகவே இருந்த கானாவில் இசைவாணி இந்தக் குழுவின் பாடகியாக நின்றார். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இதே குழுவில் பாடிய அறிவு எழுதிப் பாடிய ‘என்ஜாயி எஞ்சாமி’ உலகமெங்கும் ஓடியது. ஆனால் 2021-இல் அந்தப் பாட்டைக் கொண்டாடிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இல்லை. கண்டனம் எழுந்த பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது.

தோழர்களே, அவர்களைக் கேள்வி கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்வோம். பறையடிப்பதைக் கூலியில்லாத சாதிக் கடமையாக ஊர் சுமத்தியது. நம் கூட்டத்துக்குக் கலைஞர்களைக் கூப்பிட்டு, “நம்ம தோழர்தானே, காசு எதுக்கு?” என்றால் நாமும் அதையேதான் செய்கிறோம்.

அடுத்த நிகழ்ச்சியின் சுவரொட்டியில் பேச்சாளர் பெயருக்குப் பக்கத்தில் வாசிப்பவர் பெயரையும் போடுங்கள். பேசிய தொகையை மேடை இறங்கும் முன் கொடுங்கள். பாடும்போது குறுக்கே பேசாதீர்கள்.

ஜெய்பீம்.