துணியைப் படித்துவிட்டு உட்காருங்கள்
பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், கேசினோவுக்காக ஆடும் டீலரை முந்த வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கிக்கு 10. ஏஸுக்கு 1 அல்லது 11. சூட்சுமம் ஆடும் வரிசையில் இருக்கிறது. முதலில் ஆடுவது நாம். 21-ஐத் தாண்டினால் பணம் அப்போதே போய்விடும். பிறகு டீலரே தாண்டினாலும் திரும்பாது. கேசினோவின் லாபம் பிறப்பது இங்கேதான். எப்போது சீட்டு கேட்பது, எப்போது நிற்பது என்று 1956-லேயே அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அதன்படி ஆடினால், விதிகள் நன்றாயுள்ள மேசையில் கேசினோவின் அனுகூலம் சுமார் அரை சதவீதமாகச் சுருங்கும், ஒழியாது. லாஸ் வேகாஸ் போகிறவர்கள் (போகாவிட்டால் இன்னும் நல்லது) மேசைத் துணியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். முதலிரு சீட்டிலேயே 21 வந்தால், 10 டாலர் பந்தயத்துக்கு 15 டாலர் தருவது பழைய வழக்கம். ‘6:5’ என்றிருந்தால் 12தான். அந்த மேசையில் உட்காராதீர்கள்.