குளிர்நீரில் ஒரு தூண்டில்



வாடைக் காற்று வீசினால் நாம் போர்வையைத் தேடுகிறோம். மீனுக்குப் போர்வை ஏது? பெரும்பாலான மீன்களுக்குத் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. நீர் குளிர்ந்தால் அவற்றின் உடலும் குளிர்கிறது, செரிமானம் மந்தமாகிறது, பசி குறைகிறது.

அந்த நாட்களிலும் மீன் இருக்கும் இடத்தைக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ளனர். கடலோரக் காவல்படையின் உரிமம் பெற்ற இந்தப் படகோட்டிகள், தூண்டில் போட விரும்புவோரைக் கட்டணம் பெற்று அழைத்துச் செல்கின்றனர்.

அவர்கள் பெரிதும் நாடும் மீன் ஸ்னூக். நம் கொடுவாவை அறிந்தவர்களுக்கு அதன் தோற்றம் அந்நியமாக இராது. புளோரிடாவில் 1957ஆம் ஆண்டு முதல் ஸ்னூக்கை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆகவே அது சந்தைக்கு வருவதில்லை. தூண்டிலுக்கு மட்டுமே உரியது.

ஸ்னூக் வெப்பம் விரும்பும் மீன். நீரின் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியசுக்கு இறங்கினால் இரை எடுப்பதை நிறுத்திவிடும். 10 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆழமற்ற நீர் விரைவில் குளிர்வதால், மீன்கள் ஆழமான கால்வாய்களுக்கும் ஆற்று மடுக்களுக்கும் ஒதுங்குகின்றன. புளோரிடாவின் நீரூற்றுகள் ஆண்டு முழுவதும் 22 டிகிரி அளவில் இருப்பதால் அவற்றை நாடிச் செல்வனவும் உண்டு.

இங்கேதான் வழிகாட்டியின் அனுபவம் பேசுகிறது. அவர் விடியலில் புறப்பட அவசரப்படுவதில்லை. வெயில் ஏறட்டும் என்று காத்திருக்கிறார். கருஞ்சேறு படிந்த ஆழமற்ற இடங்கள் வெயிலை உறிஞ்சிச் சற்றே வெதுவெதுப்பாகும். பிற்பகலில் மீன்கள் அங்கே வரக்கூடும். தூண்டிலையும் அவர் விரைந்து இழுக்கவிடுவதில்லை. சோர்ந்த மீன் ஓடும் இரையைத் துரத்தாது. உயிருள்ள இறாலை அடித்தரையை ஒட்டி மெல்ல நகர்த்தினால் ஒருவேளை கவ்வும்.

ஆனால் வாசகர்களே, மீன்கள் ஒரே மடுவில் அடைந்து கிடக்கும் அந்த நாட்களில், இடம் அறிந்தவருக்கு அவற்றைப் பிடிப்பது எளிதாகிவிடுகிறது. குளிரில் நலிந்த மீன் தூண்டிலோடு போராடிக் களைத்தால், திரும்ப நீரில் விட்டாலும் பிழைக்காமல் போகக்கூடும். படகில் இருப்பவரோ கட்டணம் கொடுத்தவர். அவரை மகிழ்விப்பதா, மடுவை விட்டு விலகுவதா?

2010ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தக் கேள்வி கடுமையாக எழுந்தது. நாள்கணக்கில் நீடித்த குளிரில் புளோரிடாவில் ஸ்னூக்குகள் ஏராளமாகச் செத்து மிதந்தன. அரசு உடனே அம்மீனைப் பிடித்து எடுத்துச்செல்வதற்குத் தடை விதித்தது. மெக்சிகோ வளைகுடாக் கரையில் அத்தடை 2013 ஆகஸ்ட் வரை நீடித்தது. பிடித்த மீனைத் திரும்ப விடுவோருக்கு மட்டுமே அக்காலத்தில் இடமிருந்தது.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் கரையைக் கடுங்குளிர் தாக்கியபோது, குறைந்தது 38 இலட்சம் மீன்கள் மடிந்ததாக அம்மாநில வனவிலங்குத் துறை மதிப்பிட்டது. கடுங்குளிர் நாட்களில் மீன்கள் ஒதுங்கும் ஆழமான இடங்களைத் தற்காலிகமாக மூடும் வழக்கம் அங்கு உண்டு. தஞ்சம் புகுந்ததைத் துரத்தாதே என்பதே அந்த ஆணையின் பொருள்.

எனினும் எல்லா மடுக்களுக்கும் அரசு காவல் வைக்க இயலாது. ஒவ்வொரு மடுவும் இருக்கும் இடம் வழிகாட்டிக்குத் தெரியும். "இன்று இது போதும், திரும்புவோம்" என்று அவர் சொல்லும்போது அன்றைய வாடிக்கையாளர் முகம் சுளிக்கலாம். ஆயினும் வரும் ஆண்டில் அவர் படகு கிளம்புவதற்கான முதல், அந்த மடுவில் உயிரோடு விட்டுவந்த மீன்கள்தாம்.

நம் ஊர்ச் சந்தையில் மீன் வாங்கும் நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முட்டை நிறைந்த மீனையும் விரல் நீளக் குஞ்சையும் நாம் விரும்பிக் கேட்கும்வரை, அவற்றைப் பிடித்துவரும் வலையும் ஓயாது. கிடைக்கிறது என்பதற்காக எடுத்துவிடாமல் இருக்க, அந்தப் படகோட்டியைப் போல நாமும் பழக வேண்டாமா?