பலாலியில் இறங்கும் சிறிய விமானம்

அண்மையில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பினேன். விசிறி பூட்டிய ஏடிஆர் 72 விமானம். எழுபது, எண்பது பேர்தான் ஏறலாம். இந்த வகை விமானத்தில் இறக்கை யன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே உள்ள நிலம் மறையாது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தெரிந்ததும் பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, மயிலிட்டி எந்தப் பக்கம்?"

காட்டினேன். "எங்கட காணி இன்னும் முகாமுக்குள்ளதான். தொண்ணூறில வெளிக்கிட்டது. மேல இருந்தாவது பாப்பம் எண்டுதான் யன்னல் சீற் கேட்டனான்" என்றார். கண் சிகிச்சைக்காகச் சென்னை போய் வருகிறாராம்.

இந்தச் சேவையின் அருமை, முன்பு கட்டுநாயக்கா வழியாகப் போனவர்களுக்குத் தெரியும். வடக்கே இருக்கும் சென்னைக்குப் போக, இரவு முழுக்க பஸ்ஸில் தெற்கே போகவேண்டும். அதற்கு ஒரு நாளும், தங்குமிடச் செலவும். பலாலியிலிருந்து பறப்பதோ ஒன்றரை மணித்தியாலத்துக்குள். பொதிக்கு நிறை பார்த்து நெருக்குவார்கள். பனங்கட்டியா, சேலையா என்று கவுண்டருக்கு முன்னால் நின்றே முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஆனாலும் சனம் இதைத்தான் விரும்புகிறது.

இது புதிய வழியுமல்ல. எயார் சிலோன் 1947 டிசம்பரில் தொடங்கிய முதல் சேவையே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான். எங்கள் தலைமுறைக்கு அது கேள்விப்பட்ட கதை. நாங்கள் அறிந்த பலாலி வேறு. 2006 ஓகஸ்ட் 11இல் ஏ9 பாதை மூடப்பட்டபின், கொழும்பு போக இராணுவத்தின் அனுமதி வேண்டும். அதன்பிறகு கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருக்கவேண்டும். அம்மாவின் அனுமதிக் கடிதத்துக்காக நான் வரிசையில் நின்றிருக்கிறேன். அந்த நாட்களில் விமான ரிக்கற் வசதியின் அடையாளமாக இருக்கவில்லை. வேறு வழி இல்லாதவர்கள் கடன்பட்டு வாங்கியது அது.

அப்படிப் போனவர்கள்தான் 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அந்தோனோவில் இருந்தார்கள். புறப்பட்டுச் சில நிமிடங்களில் அது மன்னார்க் கடலில் வீழ்ந்தது. 48 பயணிகளும் 7 பணியாளர்களும் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் தமிழர்கள். புலிகளின் ஏவுகணை என்றது அரசு. சிதைவுகளை இரணைதீவுக் கடலில் கண்டுபிடித்தது 2012இல். பதினான்கு வருடங்களாக அந்தக் குடும்பங்களுக்கு ஒரு சாம்பல்கூட இல்லை. எங்கள் நினைவேந்தல்களில் இவர்களின் பெயர்கள் அதிகம் வருவதில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பேசாமல் பலாலியின் கதையை முழுமையாகச் சொல்லமுடியாது என்பதே என் எண்ணம்.

2019 ஒக்ரோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொரோனாவில் சேவை நின்றது. 2022 டிசம்பரில்தான் திரும்பத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்னொரு இந்திய நிறுவனம் சென்னைக்கு வந்தது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் பறப்பு ஆரம்பமானது.

இப்போது அடுத்த பேச்சு விரிவாக்கம். பெரிய ஜெற் விமானங்கள் வந்தால் புலம்பெயர்ந்த உறவுகள் கொழும்பைத் தொடாமலே ஊருக்கு வரலாம். நல்லதுதான். ஆனால் வலிகாமம் வடக்கில் "விரிவாக்கம்" என்ற சொல்லைக் கேட்டதும் சனம் முதலில் நினைப்பது ஜெற்றை அல்ல, காணி சுவீகரிப்பை. விமான நிலையத்தைச் சுற்றி இருப்பது படைமுகாம். 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டாலும் மிச்சம் இன்னும் உள்ளே கிடக்கிறது. ஓடுபாதைக்கு உண்மையில் எவ்வளவு தேவை, முகாமுக்கும் படையினரின் பயிர்ச்செய்கைக்கும் எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காணித்துண்டு வாரியாக வரைபடம் போட்டுப் பிரதேச செயலகத்தில் தொங்கவிடலாம். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. அதற்குப் பிறகு, நட்டஈடா மாற்றுக்காணியா என்று உரிமையாளர்களுடன் பேசலாம். எங்கள் அரசியல்வாதிகளும் விமான நிலையம் வேண்டும், காணியும் வேண்டும் என்று இரண்டு மேடைகளில் இரண்டு பேச்சுப் பேசுவதை விட்டுவிட்டு இந்த வரைபடத்தைக் கேட்கலாம்.

விமானம் தரை தொட்டது. "கிணறும் ஒரு பனையும் நிக்கிறமாதிரித் தெரிஞ்சுது. எங்கடதோ தெரியேல்லை" என்றார் அந்த அம்மா. பிறகு மேலே வைத்த பையை எடுத்துத் தரச்சொன்னார்.