வெர்டியின் ரெக்வியம்: ஜெபமா, நாடகமா?

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ரெக்வியம்' பற்றிப் பேச்செடுத்தால் போதும், "அது ஓபராதானே, அதில் பக்தி எங்கே?" என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடப் பழைய குற்றச்சாட்டு இது. இதன் வண்டவாளத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

இறந்தவர்களுக்கான கத்தோலிக்கத் திருப்பலியின் லத்தீன் வரிகளுக்கு இசையமைப்பதுதான் ரெக்வியம். எழுத்தாளர் மன்சோனியின் முதலாம் நினைவுநாளான 1874 மே 22 அன்று, மிலான் நகரின் சான் மார்கோ தேவாலயத்தில் வெர்டியின் படைப்பு அரங்கேறியது. கேட்காமலேயே அதை ஓபரா என்று கேலி செய்து எழுதினார் ஜெர்மன் இசை நடத்துனர் ஹான்ஸ் ஃபான் பியூலோ. 1892ல் அவரே வெர்டிக்கு மன்னிப்புக் கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தை மறந்துவிட்டு, கேலியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

நாடகத்தைக் கொண்டுவந்தது வெர்டியா? இறுதித் தீர்ப்பு நாள், எக்காளம், நடுங்கும் மனிதன் எல்லாம் அந்த லத்தீன் பாட்டிலேயே பல நூறு ஆண்டுகளாக இருக்கின்றன. முரசை ஓங்கி அடிக்க வைத்து, அந்த வரிகளுக்கு வெர்டி உண்மையாக இருந்தார். ஃபோரே தன் ரெக்வியத்தில் தீர்ப்பு நாள் பாட்டில் கடைசி வரியைத் தவிர மற்றதை விட்டுவிட்டார். அழகான இசைதான், சந்தேகமில்லை. ஆனால் பயத்தை இசையில் கொண்டுவந்தால் நாடகம், பயத்தை வெட்டிவிட்டால் பக்தி என்பது என்ன நியாயம்?

அடுத்த வாதம், வெர்டிக்கே மத நம்பிக்கை போதாது என்பது. இருக்கட்டுமே! கடைசிப் பகுதியில் ஒற்றைப் பெண்குரல் விடுதலை கேட்டு மன்றாடுகிறது. பதில் வருவதில்லை. இசை கிசுகிசுப்பாக அடங்குகிறது. சந்தேகத்தோடு கேட்பவனின் ஜெபம் ஜெபமில்லையா?

1903ல் போப் பத்தாம் பயஸ் தேவாலய இசையில் நாடகபாணி கூடாது என்றார். பாடகர் குழுவில் பெண்களுக்கும், வாத்தியங்களில் முரசுக்கும் தடை போட்டார். இந்த ரெக்வியமோ இரண்டும் இல்லாமல் நடக்காது.

ஆனால் இதைத் தங்கள் ஜெபமாக எடுத்துக்கொண்டவர்கள் யார் தெரியுமா? நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த யூதர்கள். 1943, 1944ல் ரஃபேல் ஷெக்டர் அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். பாடியவர்களை மரண முகாம்களுக்கு ரயிலேற்ற ஏற்ற, புதியவர்களைச் சேர்த்து மறுபடி பாடினார்கள். நாஜி அதிகாரிகளின் முகத்துக்கு நேராகவே தீர்ப்பு நாளைப் பாடினார்கள். 1944 அக்டோபரில் ஷெக்டரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள்.

அவர்கள் பாடியது ஓபராவா, ஜெபமா? பியூலோவின் கேலியை இன்னும் தூக்கிச் சுமப்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.