மாறாத வரைபடம்

ஆயிரம் வரி கணக்கு உணர்த்தாததை ஒரு வரைபடம் நொடியில் உணர்த்திவிடும். ஆகலின், விஞ்ஞான மாணவரேயன்றித் தமிழ் பயிலும் நாமும் இந்நாளில் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் எடிட்டரில் ஜுபிட்டர் நோட்புக்கைத் திறந்து, பைத்தான் மொழியில் வரைபடம் வரையப் பழகுகின்றோம். கணக்கைத் திருத்திய பின்னும் படம் மாறாது நின்றால், எடிட்டரை வைது அதனை நீக்கி மீண்டும் நிறுவுவார் பலர். இது நோய் ஓரிடத்திருக்க வேறிடத்தில் மருந்திடுவதாகும் என்பது எம் துணிபு.

எடிட்டர் எழுதும் பலகையே. கணக்கிடுவது கெர்னல் என்னும் வேறோர் இயக்கம். திருத்திய செல்லை மீண்டும் இயக்குங்காறும் கெர்னல் அத்திருத்தத்தை அறியாது. தரவுக் கோப்பு மாறினால், படம் வரையும் செல்லை மட்டும் இயக்கிப் பயனில்லை. கோப்பைப் படிக்கும் செல்லையும் இயக்கல் வேண்டும். வேறு கோப்பில் எழுதி இறக்குமதி செய்த நிரலைத் திருத்தினாலோ, இறக்குமதி வரியை மறுபடி இயக்கினும் கெர்னல் பழையதையே நினைவில் வைத்திருக்கும். இனி, மேட்பிளாட்லிப் பொதுவாகச் செல்லின் முடிவில் படத்தை அசையாப் பிம்பமாகத் தந்து முடித்துவிடும். பிறிதொரு செல்லில் கோட்டை மாற்றினால் முன்னைப் படம் மாறாது, அதனை மீளக் காட்டுமாறு பணித்தல் வேண்டும். செல்லின் அருகே தோன்றும் எண், எது எதன்பின் இயங்கிற்று என்பதைக் காட்டும்; முதலில் நோக்கத்தக்கது அதுவே.

இஃது அற்பக் காரியமன்று. பருத்திப்பட்டினின்று பூவிருந்தவல்லி வழியே சென்றால் செம்பரம்பாக்கம் ஏரியை அடையலாம். அதன் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர்ப் பெருமழையில் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதும், அடையாற்றங்கரை மக்கள் துயருற்றதும் யாவரும் அறிவர். குடிநீர் வாரியம் நாடோறும் வெளியிடும் ஏரிக்கணக்கைக் கொண்டு மாணவனொருவன் படம் வரைகின்றான் என்க. நோட்புக் தன்னுள் படத்தையும் சேமித்து வைப்பதால், மழைக்கு முன் வரைந்த படம் மழைக்குப் பின் திறப்பினும் அவ்வாறே தோன்றும். ஏரி நிரம்பியிருக்கப் படமோ இடமுண்டு என்னும். பிழைச்செய்தி காட்டும் படம் நம்மை எச்சரிக்கும். பழைய படமோ மெய்போன்றே நின்று பொய்ச்சாட்சி பகரும்.

ஆதலின் எவர்க்கேனும் படத்தைக் காட்டுமுன், கெர்னலை மறுபடி தொடங்கி எல்லாச் செல்களையும் முதலிலிருந்து இயக்குக. படத்தின் தலைப்பில் தரவின் தேதியைப் பொறிக்க. காலம் வீணாகும் என்பாருளர். நெடுநேரம் ஓடும் கணக்காயின் அதன் விடையைக் கோப்பில் சேமித்து, எஞ்சியவற்றை இயக்கலாமே. சோம்பலுக்கு இஃதொரு சாக்காகாது.

ஜுபிட்டர் என்னும் பெயர், வியாழனின் சந்திரர்களைக் குறித்துவைத்த கலிலியோவின் குறிப்பேடுகளையும் நினைவூட்டுவதாம். 1610 ஜனவரியில் அவ்வறிஞர் முன்னிரவின் படத்தை நம்பி அமைந்தாரல்லர். வானம் தெளிந்த இரவுதோறும் புதிதாய் நோக்கி, தேதியிட்டுப் புதிதாய் வரைந்தார். அச்சந்திரர் இடம் மாறுதல் அதனாலன்றோ புலனாயிற்று? அவ்வழக்கத்தை நாமும் கைக்கொள்வோமாக.