திறமையைத் தேடி வரும் ஆள் எங்கே?

இல்ல விளையாட்டுப் போட்டியன்று எமது பாடசாலைகளில் யார் வேகமாக ஓடுகிறாள், யார் தூரமாக எறிகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் போனால் கிண்ணம் அதிபரின் அறை அலுமாரியில் இருக்கும். பிள்ளை ரியூஷன் வகுப்பில் இருப்பாள். “இந்தப் பிள்ளையை என்னிடம் தாருங்கள், நான் பயிற்றுவிக்கிறேன்” என்று கேட்டு வருவதற்குத்தான் ஆளில்லை.

அமெரிக்காவில் அப்படிக் கேட்டு வருவதே ஒரு தொழில். அங்கே பல்கலைக்கழக பேஸ்போல் அணிகளின் உதவிப் பயிற்றுவிப்பாளர்கள் ஊரூராகச் சென்று பாடசாலைப் போட்டிகளைப் பார்க்கிறார்கள். பந்தின் வேகத்தைக் கருவியால் அளக்கிறார்கள். தவறு விட்ட பின் அந்த மாணவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதையும் கவனிக்கிறார்கள். படிப்பில் குறித்த தராதரம் இல்லாதவர் பல்கலைக்கழக அணியில் விளையாட முடியாது என்பதால் பரீட்சைப் பெறுபேற்றையும் கேட்கிறார்கள். கடைசியில் பெற்றோருடன் இருந்து பேசுகிறார்கள்.

இத்துறைக்குப் பெண்களும் வந்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணி அலிசா நாக்கன் என்ற பெண்ணை உதவிப் பயிற்றுவிப்பாளராக நியமித்தது. அந்நாட்டின் உயர்மட்ட பேஸ்போலில் முழுநேரப் பயிற்றுவிப்பாளரான முதற் பெண் அவர். பல்கலைக்கழகத்தில் சொஃப்ட்போல் விளையாடிய அவர், 2014இல் அந்நிறுவனத்தில் ஒரு பயிலுநராகத்தான் சேர்ந்தார்.

அமெரிக்கா தூரம் என்றால் கடலுக்கு அப்பால் கடலூரைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 சுனாமி அந்த ஊரையும் தாக்கியது. பெற்றோரை இழந்தவர்களும் வறிய வீட்டுப் பிள்ளைகளுமான சிறுமிகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்றுவிப்பாளர் உதைபந்தாட்டம் பழக்கினார். அவரிடம் பயின்ற இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு விளையாடினார். தமிழ்நாடு பொலிஸில் உப பரிசோதகராகவும் ஆனார். 2018இல் பலம் வாய்ந்த மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் சம்பியனானபோது அந்த அணியில் அவரும் இருந்தார்.

அதே அலைதான் மருதமுனையையும் சாய்ந்தமருதையும் அடித்தது. அதே கடல், அதே மணல், அதே வயதுப் பிள்ளைகள். கடலூரில் தேடிப்போக ஒருவர் இருந்தார் என்பதே வித்தியாசம்.

பெற்றோரின் கேள்விகளை நான் குறைவாக மதிக்கவில்லை. என்ன உடுப்பு? யார் பழக்குவது? எத்தனை மணிக்கு வீடு வருவாள்? படிப்பு என்னாகும்? உடுப்புக்கு உலகம் பதில் சொல்லிவிட்டது. தலையை மூடி விளையாட உதைபந்தாட்டம் 2014இலும் கூடைப்பந்தாட்டம் 2017இலும் அனுமதி வழங்கின. படிப்புக்கும் பதில் உண்டு. விளையாட்டில் மிகச் சிறந்து விளங்கி, உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமையும் பெற்றவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது.

மீதி இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில்தான்: பழக்குபவர் எமது ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். எங்கள் உம்மாவைப் பெயர் சொல்லித் தெரிந்த ஒரு ராத்தா வீட்டுக்கு வந்து, “நானே கூட்டிப்போய், மஃரிபுக்கு முன் கொண்டுவந்து விடுகிறேன்” என்று சொன்னால் எத்தனை வாப்பாமார் மறுப்பார்கள்?

அந்த ராத்தா வெளியிலிருந்து வரமாட்டார். எங்களில் ஒருத்திதான் அப்படி ஆக வேண்டும். கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்விப் பாடநெறி இருக்கிறது. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டமே பெறலாம். ஆனால் உயர்தர மாணவி ஒருத்தி இதைப் படிக்கப் போகிறேன் என்றால், “டொக்டராக ஏலாமல் போனதாலா?” என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை.

எல்லோரும் வீராங்கனையாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூறு பிள்ளைகளில் ஒருத்தியின் திறமையைக் கண்டு, அவள் வீட்டுப் படியேறிப் பேசத் தெரிந்த ஒரு பெண் ஊருக்கு ஒருவராவது வேண்டும். பெற்றோரே, உங்கள் மகள் அந்த வேலையை விரும்பினால் “அதுவும் ஒரு வேலையா?” என்று கேட்டுவிடாதீர்கள். நாளை உங்கள் பேத்தியைத் தேடி வரப்போகிறவர் அவளிடம் படித்தவராகவும் இருக்கலாம்.