மூலையைப் பிடித்து இழுங்கள்!

ஆம்பூரில் ஒரு ஷூவை நீளமாக்க வேண்டுமென்றால் லாஸ்ட்டை மாற்ற வேண்டும், பேட்டர்னைத் திரும்ப வெட்ட வேண்டும். அப்புறம் கட்டிங், ஸ்டிட்சிங், லாஸ்டிங் என்று எல்லா செக்ஷனிலும் வேலை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பவர்பாயிண்டில் அதே வேலைக்கு ஒரு விநாடி போதும். ஸ்லைடில் வைத்த வீடியோவின் பக்கவாட்டில் தெரியும் சின்னப் புள்ளியை மௌஸால் பிடித்து இழுத்தால், ஷூ நீண்டுவிடும்!

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை கல்லூரி செமினார், ப்ராஜெக்ட் வைவா, கம்பெனியில் பையருக்குப் போட்டுக் காட்டும் பிரசன்டேஷன் என்று எங்கே பார்த்தாலும் ஒரே ஆசைதான்: "ஸ்க்ரீன் முழுக்க வரணும்." ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் ஏதோ பெரிய குறை போல ஆகிவிடுகிறது. ஆனால் தோல் வியாபாரத்தில் விற்பனைக்கு வருவதே வடிவமும் நிறமும்தானே? அந்த இரண்டையும் கெடுத்துவிட்டு ஸ்க்ரீனை நிரப்பி என்ன பயன்?

கொஞ்சம் கணக்கு போட்டால் இது புரியும். பழைய வீடியோ 4:3 அளவில் இருக்கும், இப்போதைய ஸ்லைடு 16:9. உயரத்தை அப்படியே வைத்துவிட்டு அகலத்தை மட்டும் இழுத்து நிரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். பக்கவாட்டில் படம் பிடித்த 28 சென்டிமீட்டர் ஷூ, அதன் உயரத்தோடு ஒப்பிட்டால் 37 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு தெரியும். ஐரோப்பிய சைஸ் கணக்கில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வெறும் 6.67 மில்லிமீட்டர். அப்படியானால் பதினான்கு சைஸ் வித்தியாசம்! வட்டமாக இருந்த முன்பக்கம் கூராகிவிடும். நேர் எதிரில் இருந்து எடுத்த ஷூ என்றால் வாத்துக் கால் மாதிரி பரந்துவிடும். டிசைனர் ஒரு மில்லிமீட்டருக்காக மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் போச்சு.

இது எப்படி இவ்வளவு சகஜமானது என்றால், பாதிப் பழி மென்பொருளுக்கும் உண்டு. 2013 பதிப்புக்கு முன்புவரை பவர்பாயிண்டில் புது ஸ்லைடு 4:3-ஆகத்தான் திறக்கும். 2013-இல் அது 16:9 ஆனது. சீனியர்களிடமிருந்து பரம்பரைச் சொத்தாக வரும் பழைய ஃபைல்கள் ஒரு அளவு, புது லேப்டாப் இன்னொரு அளவு, செமினார் ஹாலில் தொங்கும் ப்ரொஜெக்டர் மூன்றாவது அளவு. டிவியும் இதே பழக்கத்தைத்தான் சொல்லிக்கொடுத்தது. முதல் தமிழ் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973-இல். அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைக் கதாநாயகிகள் எல்லாரும் இன்றைய எல்ஈடி டிவியில் திடீரென்று குண்டாகித் தெரிவதற்கு அவர்கள் சாப்பிட்ட ஆம்பூர் பிரியாணி காரணமில்லை, வீட்டில் யாரோ ரிமோட்டில் அமுக்கிய 'ஃபுல்' பட்டன்தான் காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பவர்பாயிண்டில் வீடியோவின் மூலைப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் அகலமும் உயரமும் சேர்ந்தே மாறும். பக்கத்துப் புள்ளியைப் பிடித்தால் உருவம் கெடும். 'லாக் ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்று ஒரு டிக் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். எண்ணைத் தட்டச்சு செய்து அளவு மாற்றும்போது அது உதவும். பக்கத்துப் புள்ளியை இழுப்பதை அது தடுக்காது. ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் வீடியோ ஃபார்மட் பகுதியில் 'ரீசெட் டிசைன் அண்ட் சைஸ்' இருக்கிறது. விஎல்சி பிளேயரில் 'ஏ' எழுத்தைத் தட்டத் தட்ட உருவ விகிதம் மாறிக்கொண்டே போகும். தெரியாமல் கை பட்டாலும் மாறும், அதனால் திரும்ப 'டிஃபால்ட்' வரும்வரை தட்டுவது நல்லது.

4:3 வீடியோவை அதன் அளவிலேயே ஸ்லைடின் உயரத்துக்கு வைத்தால் கால்வாசி அகலம் மிச்சமாகும். அதை ஏன் பாழ் என்று நினைக்க வேண்டும்? அங்கே தோலின் பெயர், தடிமன், எந்த லாஸ்ட் என்று எழுதலாம். போனை நிற்க வைத்து எடுத்த வீடியோ ஸ்லைடில் மூன்றில் ஒரு பங்கு அகலம்கூட வராது. அதை நடுவில் வைத்து இருபுறமும் நியூஸ் சேனல் மாதிரி மங்கலான பிம்பத்தை ஓடவிடுவதைவிட, ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் நாலு வரி எழுதினால் பார்ப்பவருக்கு உபயோகம். 2010 பதிப்பிலிருந்து ஓடும் வீடியோவின் மேலேயே அம்புக்குறி, எழுத்து எல்லாம் வைக்க முடியும். அதற்கு முன்பு வீடியோ ஓடினால் மேலே இருப்பதையெல்லாம் விழுங்கிவிடும்.

இன்னொரு சின்ன யோசனை. படம் பிடிக்கும்போதே ஷூ பக்கத்தில் ஒரு நாணயத்தைக் கேமராவுக்கு நேராக நிறுத்தி வையுங்கள். ஸ்க்ரீனில் அது முட்டையாகத் தெரிந்தால் யாரோ இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நிறம் இதைவிடச் சிக்கலானது. வெட் புளூ தோலின் நீலம் குரோமியத்தால் வருவது. ஆவாரம்பட்டையில் பதனிட்டால் வெளிர் மஞ்சள். டேனரியில் ஷேடு சரிபார்க்க லைட் பாக்ஸ் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஒருமுறை, கடைகளில் எரியும் வகை விளக்கில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துண்டுகள் இன்னொரு விளக்கில் வேறுவேறாகத் தெரியும். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த டேன் நிறத்தை, வீடியோ 'டல்'லாக இருக்கிறது என்று பிரைட்னஸையும் சாச்சுரேஷனையும் ஏற்றிவிட்டால் ஆரஞ்சுப் பழமாகிவிடும். பையர் ஸ்க்ரீனில் பார்த்தது ஒன்று, பெட்டியைப் பிரித்தால் வேறொன்று. அப்புறம் ரிஜெக்ஷன் என்று கத்தி என்ன செய்ய? நிறத்தைக் காட்ட வீடியோவே சரியான வழி இல்லை. ஸ்வாட்ச் துண்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் நஷ்டம் என்றால் ஒரு ஆர்டர் போகும், அவ்வளவுதான். இதே பகுதியில் இன்னொரு வகை வீடியோவும் ஸ்லைடில் ஏறுகிறது: பாலாறு. தோல் கழிவுகள் பற்றிய வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் ஒன்று அது. பாலாற்று மாசு பற்றி 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டிவந்தது. ஆக, இந்த ஆற்றைப் பற்றி எடுக்கும் பத்து விநாடி வீடியோ நாளைக்கு யாராவது குறுக்குக் கேள்வி கேட்கப்போகும் பொருளாகலாம்.

அங்கே காண்ட்ராஸ்ட்டைக் கூட்டி நீரை இன்னும் கறுப்பாக்குவது, கெட்டதை எடுத்துச் சொல்கிற நல்லெண்ணத்தில் செய்தாலும் தப்புதான். வெளிச்சத்தை ஏற்றி நுரையை வெறும் அலை மாதிரி காட்டுவது எவ்வளவு தப்போ அவ்வளவு தப்பு. முதல் தப்பு இன்னும் ஆபத்தானது என்றுகூடச் சொல்லலாம். ஒரு வீடியோவில் நிறம் ஏற்றியது தெரிந்துவிட்டால், உண்மையாக எடுத்த மற்ற பத்தையும் எதிர்த்தரப்பு சுலபமாகத் தூக்கிப் போட்டுவிடும். நஷ்டம் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன விவசாயிக்கு. கிராப் செய்வதும் இங்கே அழகு சம்பந்தப்பட்டது இல்லை. ஓரத்தில் இருந்த குழாய் ஸ்லைடில் வருகிறதா, வெட்டுப்பட்டதா என்பதுதான் மொத்தக் கேள்வியே.

தவிர, தண்ணீரில் கரைந்த உப்பு எந்த வீடியோவிலும் தெரியாது. குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரும் டம்ளரில் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கலாம். அதனால் வீடியோவை ஸ்லைடின் பாதியில், எடுத்த நிறத்திலேயே, வெட்டாமல் வைத்து, மறுபாதியில் இடம், தேதி, லேப் பரிசோதனை எண் மூன்றையும் எழுதுவதே சரி. உருவம் மாறாத ஒரிஜினல் ஃபைலும் அதே பென்டிரைவில் இருக்கட்டும், யாராவது கேட்டால் திறந்து காட்ட.